பதிவு இருக்கு, ஆனால் யோகா அக்கா இருமினவ

நான் வேலை செய்த கந்தோரில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று வசனங்கள் உண்டு. யார் அழைத்து என்ன கேட்டாலும் அந்த மூன்றைத்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் இருக்கும் சபினே சென்ற மாதம் என்னை அழைத்தாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம்.

"இதை எழுதியவருக்கு உடம்பில் என்ன வருத்தம் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?" என்றாள்.

"வருத்தம் எழுதியவருக்கு இல்லை. எனக்குத்தான். தடிமனும் இருமலும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "இதை ஒருநாள் எழுதி வை" என்றாள். எழுதுகிறேன்.

ஜேர்மனியில் ஒருவர் நினைத்தவுடன் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு மின்கம்பியில் கை வைக்க முடியாது. பல தொழில்களுக்கு 'மைஸ்டர்' எனப்படும் தொழில் தேர்ச்சிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். பிறகு அந்தப் பகுதியின் கைத்தொழிலாளர் சபையில் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் பிரிவில்தான் நான் இருந்தேன். குளியலறையைத் திருத்தப் போகிறவர்கள், சமையலறையை உடைத்துக் கட்டப் போகிறவர்கள் எங்களுக்கு அழைப்பார்கள். இன்னார் உங்களிடம் பதிந்தவரா என்று கேட்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன்.

எங்கள் தமிழ் ஆட்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நகரசபையில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் 'கெவெர்பஷைன்' என்று ஒரு கடதாசி தருவார்கள். இவர் ஒரு தொழிலைத் தொடங்கியிருக்கிறார் என்று மட்டும்தான் அது சொல்லும். இவருக்கு அந்தத் தொழில் தெரியுமா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நாய்க்கு முடி வெட்டுகிறவரிடமும் அது இருக்கும். ஆனால் அதில் முத்திரை குத்தியிருக்கும். அகதியாக வந்து, முத்திரை குத்திய ஒரு கடதாசிக்காக வருடக்கணக்கில் காத்திருந்த சனம் நாங்கள். முத்திரையைக் கண்டால் எங்களுக்கு மரியாதை தானாக வந்துவிடும். "அக்கா, அவரிட்டைக் கடதாசி இருக்கு, பிரேம் போட்டு வச்சிருக்கிறார்" என்பார்கள். அந்தப் பிரேமைத் தாண்டி ஒருவருடைய மூளைக்குள் போவதற்கு எனக்கு அரை மணித்தியாலம் எடுக்கும்.

நான் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். பதிவேட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலில் துடைப்பத்தோடு போனேன். ஆறு வருடம் அதன் நிலத்தைத் துடைத்தேன். பிறகு, என் மகனை விடச் சற்றே மூத்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அலுவலகப் பயிற்சி முடித்து, அதே கட்டடத்துக்குள் பேனையோடு போனேன். முதல் வாரம் முழுக்க, யாராவது கோப்பியைச் சிந்தினால் என்னையறியாமல் எழும்பினேன்.

என் மேலதிகாரி ஹெர் லோமான். நெட்டையான, மெலிந்த மனிதர். முதல் நாளே என் பெயரை ஒரு கடதாசியில் அசை அசையாகப் பிரித்து எழுதி, கதவைச் சாத்திவிட்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்து, பிறகு வந்து, திருமதி என்ற மரியாதையோடு, "பிராவ் சிவபாலன்" என்று பிழையில்லாமல் அழைத்தவர். அந்த நகரத்தில் அப்படி அழைத்த ஒரே ஜேர்மன்காரர் அவர்தான். யாராவது தொலைபேசியில் ஒரு பெயரைக் கேட்டால் அவர் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். பதிவேடு புத்தகமாக இருந்த காலத்தில் ஒரு மர அடிமட்டத்தை அந்தப் பெயருக்குக் கீழே வைத்து, வரியை இரண்டு தரம் வாசித்து, அதன் பிறகே வாயைத் திறப்பார். கணினி வந்தது. அவர் அந்த அடிமட்டத்தைக் கணினித் திரையில் வைத்தார். கண்ணாடியில் கீறல் விழும் என்று கணினிப் பிரிவு ஆட்கள் எழுத்தில் அறிவித்தார்கள். அவர் அடிமட்டத்தின் அடியில் மெல்லிய துணி ஒட்டினார்.

கேட்கிறவர்களுக்கு எப்போதும் இரண்டு கேள்விகள் இருக்கும். முதலாவது, பதிந்தவரா? இரண்டாவது, ஆள் எப்படி? முதலாவதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவதற்கு இல்லை. வீட்டுக்காரருக்கும் வேலைக்காரருக்கும் பிணக்கு வந்தால் இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் மேசை ஒன்று பக்கத்து அறையில் இருந்தது. அந்த அறையின் கோப்புகள் பூட்டப்பட்டவை. யார் மேல் எத்தனை முறைப்பாடு என்று வெளியே ஒரு சொல் போகக்கூடாது. ஹெர் லோமான் அடிக்கடி சொல்வார்: "நாங்கள் பதிவேடு, பிராவ் சிவபாலன். அபிப்பிராயம் அல்ல."

ஆனால் அந்தக் கோப்புகளுக்குப் பிரதி எடுப்பது நான். பிரதி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பகுதியில் சமையலறை, குளியலறை கட்டித் தருகிற, பெரிய வான் வண்டி வைத்திருந்த ஒருவர் இருந்தார். வானின் இரண்டு பக்கமும் அவருடைய சிரித்த முகம். அவருடைய பதிவில் ஒரு புள்ளி பிசகில்லை. பக்கத்து அறையில் அவருடைய கோப்பைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஒரு வீட்டில் அவர் பூட்டிய சமையலறையில் இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால் முதலில் அடுப்பை முன்னுக்கு இழுக்க வேண்டும். இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவு உள்ளே போனவருடைய முழங்காலில் இடித்து நின்றது.

ஒருநாள் வசந்தி அழைத்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள், கோயிலில் பழக்கம்.

"யோகா அக்கா, அந்தப் பெரிய வான்காரர் உங்கட இடத்தில பதிஞ்சிருக்கிறாரோ?"

"பதிவு இருக்கு."

"ஆள் எப்பிடி?"

ஹெர் லோமான் அடுத்த மேசையில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா? லைனில இருக்கிறியளோ?"

"ஓம், இருக்கிறன்." கொஞ்ச நேரம் விட்டு, "பதிவு இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "விளங்கிச்சு அக்கா. நீங்கள் நல்லா இருக்க வேணும்."

வசந்தி வேறு ஆளைப் பிடித்தாள். அவளுடைய இழுப்பறைகள் இன்றைக்கும் திறக்கின்றன. எனக்கு அன்று முழுக்கப் பெருமை. ஒரு விதியையும் மீறவில்லை. ஒரு சொல்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்குத் தமிழில் வரும் அழைப்புகள் கூடின. நல்ல வேலைக்காரராக இருந்தால் சட்டென்று சொல்லி, "பிள்ளையள் சுகமோ?" என்று கேட்பேன். சுமாரான ஆளென்றால் ஒரு மூச்சு விட்டுச் சொல்வேன். மோசமான ஆளென்றால் மௌனம். பான் நகரத்திலிருந்துகூட ஒரு பெண் அழைத்தார்.

"அக்கா, நாங்கள் இருக்கிறது பானில. இஞ்ச வேற சபைதான். எண்டாலும் உங்களிட்டைக் கேட்டா மனசுக்கு ஒரு தெளிவு வரும் எண்டு சொன்னவை."

"அங்க இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"பரவாயில்லை அக்கா, நான் பேரைச் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

அவர் பெயரைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். துடைப்பத்தோடு உள்ளே போனவளுடைய மௌனத்துக்கு இவ்வளவு மதிப்பு!

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் அன்ரன் பதிய வந்தான். யூட் அன்ரன், இங்கே வளர்ந்த பிள்ளை. ஹனோவரில் வேலை பழகி, தரைக்கும் சுவருக்கும் ஓடு பதிக்கும் தொழிலில் மைஸ்டர் பட்டம் எடுத்தவன். எங்கள் பதிவேட்டில் ஏறிய முதல் தமிழ் மைஸ்டர் அவன். நான்தான் பெயரை ஏற்றினேன். பதிந்ததற்கு அத்தாட்சியான சபை அட்டையில் நானே கையெழுத்து வைத்தபோது ஹெர் லோமானிடம் அடிமட்டத்தை இரவல் வாங்கி, வரியை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அவன் பதிந்த பிறகு வந்த மாசி மாதத்தில் எனக்கு நெஞ்சுத் தடிமன். சபினே விடுமுறையில் நின்றதால் வருத்தத்தோடு வேலைக்குப் போனேன். அந்த ஒரே வாரத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் அன்ரனைப் பற்றிக் கேட்டன. எனக்கு ஒரே சந்தோசம். நான்கு பேருக்கும் சட்டென்று பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அன்ரனோ? பதி..." என்றேன். அதற்கு மேல் இருமல். தண்ணீர் குடித்துவிட்டு, "பதிவு..." என்றேன். மறுபடியும் இருமல். பிள்ளைகளைச் சுகம் விசாரிக்கக் குரல் வரவில்லை. இரண்டு நாளில் படுத்துவிட்டேன்.

சித்திரையில் ஒரு காலை ஹெர் லோமான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே அன்ரன் இருந்தான். நல்ல சேர்ட் போட்டிருந்தான். என்னைப் பார்த்து எழும்பவில்லை.

"பிராவ் சிவபாலன், உங்கள் மேல் ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. உட்காருங்கள்."

அவ்வளவு வருடமும் மற்றவர்களுடைய முறைப்பாடுகளைப் பிரதி எடுத்தவள், என் முறைப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அன்ரன் ஜேர்மன் மொழியில் ஒழுங்காக, ஒவ்வொன்றாகச் சொன்னான். நான்கு குடும்பங்கள் குளியலறை வேலைக்கு அவனோடு பேசி முடித்திருந்தன. நான்கும் அடுத்தடுத்து வேண்டாம் என்றுவிட்டன. ஒருவர் நாள் சரியில்லை என்றார். ஒருவர் மகளுக்குப் பரீட்சை என்றார். மூன்றாமவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. நான்காவது ஆள் எனக்குப் பழக்கமான ராசமணி அக்கா. அவவுக்குப் பொய் சொல்ல வராது. "தம்பி, குறை நினைக்காதையும். யோகா இருமினவ" என்றிருக்கிறா.

"நான் பகிடி எண்டு நினைச்சன், அன்ரி" என்று அன்ரன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான். "பிறகு அவவின்ர மகன் இதை அனுப்பினவர்."

ஒரு தாளை மேசையில் வைத்தான். வட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை அச்செடுத்திருந்தான். ஹெர் லோமான் அதைப் பார்த்தார். தமிழ் எழுத்து.

"மொழிபெயர்ப்பு வேண்டும்" என்றார். பிறகு யோசித்தார். கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் முறைப்பாட்டுக்காரர், மற்றவர் முறைப்பாட்டுக்கு உள்ளானவர். கடைசியில் நான் மொழிபெயர்ப்பது, அன்ரன் வரிக்கு வரி சரி என்று ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்து, அதையும் பதிவில் எழுதினார். நான் வாசித்தேன். தலைப்பு: 'யோகா அக்கா சொல்வதன் கருத்து.'

உடனே சொன்னால், நல்ல ஆள்.

மூச்சு விட்டுச் சொன்னால், இன்னும் இரண்டு பேரிடம் கேள்.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால், கிட்டவும் விடாதே.

இருமினால், வீட்டுப் பூட்டை மாற்று.

அன்ரன் தமிழைக் கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பான். விரலை வைத்து எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரிக்கும் "சரி" என்றான். ஹெர் லோமான் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டு போனார். முடிந்ததும் அடிமட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"யார் தயாரித்தது?"

"தெரியாது, ஹெர் லோமான்."

"மிகத் தெளிவாக இருக்கிறது" என்றார் கவலையோடு. "இந்தச் சபையில் நாங்கள் எழுதும் எந்தப் படிவமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை."

பிறகு இருமலுக்கு வந்தார். எத்தனை தரம்? வரட்டு இருமலா, சளி இருமலா? பெயருக்கு முன்பா, பின்பா? எல்லாவற்றையும் எழுதினார். நான் வருத்தம் என்று படுத்த நாளை வைத்தியரின் துண்டுச்சீட்டோடு ஒப்பிட்டார். இருமல் உண்மையான இருமல்தான் என்று நிறுவப்பட்டது. அவர் பேனையை மூடினார்.

"அப்படியானால் இந்தத் தாளில் உள்ளது வெறும் வதந்தி. உங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான் அப்படி எழுதலாமா?"

"ஆம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லை. அன்ரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் பார்த்த பார்வை, அட்டை வாங்க வந்த நாளில் என் பேனையைப் பார்த்தானே, அதே பார்வை.

"இருமல் வரி மட்டும்தான் பொய், ஹெர் லோமான்" என்றேன். "மற்ற மூன்று வரியும் உண்மை."

அவர் பேனையைத் திறக்கவில்லை. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். வெளியே புல்வெட்டும் சத்தம் நின்றது.

"அந்த வான்காரர்?" என்று கேட்டார்.

"ஆம். முதலில் அவர்தான்."

"எனக்கு ஆசை வராது என்று நினைக்கிறீர்களா? அந்தப் பெயரைக் கேட்டு யார் அழைத்தாலும், 'அம்மா, ஓடுங்கள்' என்று கத்த வேண்டும் போல்தான் எனக்கும் இருக்கும்." குரல் உயரவில்லை. "ஆனால் நாங்கள் எழுதினால் அந்த மனிதர் மறுத்து எழுதலாம். நாங்கள் சொன்னால் எதிர்த்துச் சொல்லலாம். நீங்கள் பேசாமல் இருந்ததற்கு எதிராக ஒருவர் எங்கே போய் மனுக் கொடுப்பார்? இவரைப் பாருங்கள். ஓர் இருமலுக்கு எதிராக முறையீடு செய்ய நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்."

நான் அழுதேன். ஹெர் லோமான் மேசை இழுப்பறையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்துத் தந்தார். அதைப் பதிவில் எழுதவில்லை.

"யாரையும் தண்டிக்க வேண்டாம்" என்றான் அன்ரன், இப்போது ஜேர்மனில். "அந்த நான்கு வீட்டுக்கும் அழைத்து, நான் நல்ல வேலைக்காரன் என்று இவர் சொன்னால் போதும்."

ஹெர் லோமான் தலையை ஆட்டினார். "அது முடியாது. யாரையும் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை."

அன்ரன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னிடம் தமிழில், "கூடாது எண்டும் சொல்ல ஏலாது, நல்லம் எண்டும் சொல்ல ஏலாது. இருமத்தான் ஏலும், என்ன அன்ரி?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

என் கோப்பில் எழுத்து மூல எச்சரிக்கை ஒன்று வைக்கப்பட்டது. நான் கையெழுத்திட்டேன். அதே கிழமை ஹெர் லோமான் தொலைபேசிகளுக்குப் பக்கத்தில் ஒட்டும் தாளை எழுதத் தொடங்கினார். முதல் வசனம், பெயர் பதிவேட்டில் உண்டு அல்லது இல்லை. இரண்டாவது, முறைப்பாடுகள் பற்றி, எவரைக் குறித்தும், நாங்கள் எதுவும் சொல்வதில்லை. மூன்றாவதை நான் கேட்டுச் சேர்த்தேன்: சபை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அவர் முடித்த இரண்டு வேலைகளை நேரில் போய்ப் பாருங்கள், பேசியதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு கமாவை வைப்பதா வேண்டாமா என்று அவர் நான்கு நாள் யோசித்தார். பிறகு என்னை அந்த மூன்றையும் உரக்க வாசிக்கச் சொல்லி, தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் சோகம் இருக்கிறது. மறுபடி" என்றார். ஏழாவது தரம்தான் திருப்திப்பட்டார்.

தாள் ஒட்டியாயிற்று. ஆனால் அன்ரன் இழந்த நான்கு வீட்டு வேலையும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக் குளியலறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன் என் கணவர் சிவபாலனின் நண்பர் மகேந்திரன் அதைக் கட்டித் தந்தவர். எல்லா வேலையும் செய்வார் என்று பெயரெடுத்தவர். நான் பதிவேட்டில் அவரைத் தேடவில்லை. தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். சில வருடங்களாக குளியலறையை ஒட்டிய நடைவழிச் சுவரில் ஓர் ஈரத்திட்டு வந்தது. அதன் மேல் முருகன் கலண்டரைத் தொங்கவிட்டோம். திட்டு முருகனைத் தாண்டி வளர்ந்தது. பக்கத்தில் பிள்ளையாரையும் தொங்கவிட்டோம்.

கந்தோரில் இருந்து சிபாரிசு செய்யத்தான் எனக்கு உரிமையில்லை. வீட்டுச் சுவர் என்னுடையது. அன்ரனை அழைத்தேன்.

"இது நட்டஈடோ, அன்ரி?" என்று கேட்டான்.

"இல்லை, தம்பி. சுவர் நனையுது."

வந்தான். வாசலில் வைத்தே சபை அட்டையைக் கேட்டேன். எடுத்துத் தந்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"அன்ரி, இதில இருக்கிற கையெழுத்தே உங்கடதான்."

"அது கந்தோரில. இது வீடு."

அவன் முடித்த இரண்டு வேலைகளைப் பார்க்கக் கேட்டேன். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் தம்பதியின் வீட்டுக்கும் ஒரு பல் வைத்தியரின் வீட்டுக்கும் போய், முழங்காலில் இருந்து, ஓட்டு இடைவெளிகளைக் கையால் தடவிப் பார்த்தேன். ஆசிரியர் எனக்கு ஒரு தலையணை கொண்டுவந்து தந்தார். பிறகு எழுத்தில் வாங்கினேன். அதில் 'குழாய் வேலை சேராது' என்று அன்ரன் எழுதியிருந்தான்.

"அது என்ர பதிவில இல்லை. அதுக்கு வேற மைஸ்டர் வரவேணும்" என்றான்.

"மகேந்திரன் எல்லாத்தையும் தானே செய்தவன்" என்றார் என் கணவர்.

"ஓம் அங்கிள். அதுதான் சுவர் நனையுது."

சுவரை உடைத்த அன்று நான் விடுப்பு எடுத்து வீட்டில் நின்றேன். ஓடு கழன்றது. அதன் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்க வேண்டும் என்றான் அன்ரன். கையை உள்ளே விட்டான். சரசரத்தது. இழுத்தான். ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. தமிழ்க் கடையில் மரக்கறி போட்டுத் தரும் பை. பதினாறு வருட ஈரத்திலும் எழுத்து அழியாமல் இருந்தது: 'மீண்டும் வருக.'

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அது அப்ப அவசரத்துக்கு வச்சது" என்றார் என் கணவர். "பிறகு மாத்துறன் எண்டவன்."

அன்ரன் படம் எடுத்தான். வேண்டாம் என்றேன். "உள்ளதை உள்ளபடி பதிய வேணும் அன்ரி. உங்களுக்குத் தெரியாததோ?" என்றான். அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் கணவர் கடைக்குப் போய்விட்டார்.

குழாய்க்கு வேறு மைஸ்டர் வந்து, வேலை முடிய மூன்று கிழமை எடுத்தது. பூச்சு காய வேண்டும் என்று அன்ரன் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். நாங்கள் மேல்மாடிக்காரர் வீட்டில் துவாயும் சவர்க்காரமுமாகப் போய்க் குளித்தோம். முடிந்தபோது, நான் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அந்த நான்கு குடும்பங்களையும் இன்னும் சிலரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். அன்ரனையும் வரச் சொன்னேன். சனம் மூன்று மூன்று பேராகக் குளியலறைக்குள் போய் வந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூலைகளைப் பார்த்தார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு அது எங்கே ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர் உள்ளே இருந்து தன் தங்கைக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்.

எல்லோரும் வந்து இருந்த பிறகு, அந்தப் பையைக் கழுவி மடித்து வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ர பாத்ரூம் சுவருக்குள்ள இருந்தது" என்றேன். "இவ்வளவு காலமும் பதிவேட்டுக் கந்தோரில இருந்துகொண்டு, பதிவில்லாத ஆளை வச்சுக் கட்டினனான். உங்களுக்கெல்லாம் ஆள் எப்பிடி எண்டு பேசாமல் இருந்தும் மூச்சு விட்டும் சொன்ன ஆள் நான்தான். இந்தத் தம்பியைப் பற்றி நான் இருமினது தடிமனால. அது அவருக்கு நான் செய்த அநியாயம். இனி என்ர மூச்சைக் கேக்காதேங்கோ. அட்டையைக் கேளுங்கோ, வேலையைப் பாருங்கோ, எழுத்தில வாங்குங்கோ."

வசந்தி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "மீண்டும் வருக" என்று வாசித்தாள். அதோடு வீடு கலகலத்தது. என் கணவர் வடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது ராசமணி அக்கா அன்ரன் பக்கம் திரும்பினா.

"தம்பி, எங்கட பாத்ரூமையும் ஒருக்கா வந்து பாருமன்."

அன்ரன் கோப்பையை வைத்தான். "பாக்கலாம் அன்ரி. ஆனா முதல் நான் உங்களைப் பற்றி ரெண்டு இடத்தில விசாரிக்க வேணும்."

"என்னைப் பற்றியோ?"

"ஓம். முந்தி உங்கட வீட்டில ஆர் வேலை செய்தவை, ஏன் பாதியில விட்டிட்டுப் போனவை, பேசின பேச்சில நிப்பியளோ எண்டு. ஒருக்கா என்னை வேண்டாம் எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள்."

பகிடியா உண்மையா என்று அவன் முகத்தைப் பார்த்து ஒருவருக்கும் தெரியவில்லை. ராசமணி அக்காவுக்கு முகம் சிவந்தது. என்னிடம் திரும்பினா.

"யோகா, நீயே சொல்லு. நான் எப்பிடிப்பட்ட ஆள்?"

இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்ரனும் பார்த்தான். ராசமணி அக்காவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். சமையலறைச் சுவருக்கு நான்கு தரம் நிறம் மாற்றச் சொல்லி, நான்காம் தரம் முதல் நிறத்துக்கே திரும்பியவ. பெயின்ற் அடித்தவர் தூரிகையையும் விட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் கண்டவள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி, புதிய குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.